கண்ணில் புரை விழுவது ஏன்?



கறுப்புத் துணி கேட்ட வாடிக்கைக்காரருக்குக் கருநீலத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, விளக்கு மங்கல் என்று கடைப் பையனைக் கடிந்துகொள்ளும் வியாபாரிகள் நம்மில் உண்டு. குறை விளக்கில் இல்லாமல் கண்ணில் இருக்கலாம். முதுமையில் ஓசையின்றி வந்து சேரும் கண்புரை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், வீண் பயமும் வீண் தாமதமும் நம்மை விட்டு நீங்கும்.

கண்ணின் கருமணிக்குப் பின்னால் அல்லாஹுத்தஆலா பளிங்கு போன்ற ஒரு சிறு வில்லையை வைத்திருக்கிறான். அதன் அகலம் சுமார் 9 அல்லது 10 மில்லிமீட்டர். ஒளியைக் குவித்துக் கண்ணின் பின்புறத் திரையில் விழச் செய்வதே அதன் வேலை. இரத்தக் குழாய் ஓடினால் ஒளி மறைபடும் அல்லவா? ஆகவே அதனுள் இரத்தக் குழாயே கிடையாது. சுற்றியுள்ள தெளிந்த நீரிலிருந்தே அது ஆகாரம் பெறுகிறது.

வில்லையை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. உறையின் முன்பக்கத்தில் ஜீவ அணுக்கள் ஒரே வரிசையாகப் பரவியுள்ளன. ஓரத்தில் இருப்பவை பெருகி, நீண்டு, நார்களாக மாறிப் பழைய நார்களின் மேல் படிகின்றன. ஒரு நார் முதிரும்போது தன் உட்கரு முதலிய உறுப்புகளை இழந்துவிடும். கிரிஸ்டலின் என்னும் புரதமே அதில் நிறைந்து நிற்கும். அப்புரதம் ஒழுங்காக நெருங்கி அமைந்திருப்பதால்தான் ஒளி தடையின்றிச் செல்கிறது.

ஆனால் உட்கரு இல்லாத அணுவால் கெட்ட புரதத்தைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செய்துகொள்ள இயலாது. தோலில் பழையது உதிர்ந்து புதியது வரும். வில்லையில் எதுவும் உதிர்வதில்லை. புதுச் சரக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்க, பழைய சரக்கு வெளியே போகாத கிட்டங்கி என்று அதனைச் சொல்லலாம். தாயின் வயிற்றில் இருக்கையில் உண்டான சரக்குதான் எழுபது வயதிலும் அதன் நடுவில் இருக்கிறது!

இச்சரக்கைக் காக்கக் காவலும் உண்டு. குளுட்டாதையோன் என்னும் பொருள் பிராணவாயுவால் வரும் கேட்டைத் தடுக்கிறது. கிரிஸ்டலினில் ஆல்பா என்ற வகை, நிலை குலைந்த புரதங்களைத் தாங்கி அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. அப்போது புரதங்கள் கட்டிகட்டியாய் ஒட்டி ஒளியைச் சிதறடிக்கின்றன. இதுவே புரை.

புரை வில்லையின் நடுவில் விழுந்தால், வில்லை மஞ்சளித்துப் பிறகு பழுப்பாகும், நிறங்கள் மயங்கும். சிலருக்கு இந்த வகையில், முன்பு கண்ணாடியில்லாமல் படிக்க முடியாத பற்றுவரவு ஏடு திடீரெனக் கண்ணாடியின்றித் தெரியும். பார்வை திரும்பிவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் நடுப்பகுதி இறுகிக் கிட்டப்பார்வை உண்டாகியிருக்கிறது. அந்த மகிழ்ச்சி நிலைக்காது. ஓரத்தில் விழுந்தால் ஆரக்கால்போல் உள்நோக்கிப் பரவும். பின்புறத்தில் விழுந்தால் வெயிலிலும், எதிரே வரும் வண்டியின் விளக்கிலும் கண் கூசும்.

வயதல்லாத காரணங்களும் உள. இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை வில்லைக்குள் புகுந்து சார்பிட்டால் என்னும் பொருளாக மாறுகிறது. அது எளிதில் வெளியேறாமல் தண்ணீரை இழுத்து நார்களை வீங்கச் செய்யும். புகைபிடித்தல், கடும் வெயில், கண்ணில் பட்ட அடி ஆகியவையும் கேடு செய்யும். மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு கலந்த மாத்திரையையும் சொட்டு மருந்தையும் நெடுநாள் பயன்படுத்துவது பின்புறப் புரையை வரவழைக்கும்.

முன்னோர், தலையிலிருந்து நீர் இறங்கிக் கண்ணில் உறைவதே புரை என்று எண்ணினர். அரபியில் அதற்கு நீர் என்று பொருள்படும் பெயரும் இருந்தது. கி.பி. 1000-ஐ ஒட்டி எகிப்தில் வைத்தியம் செய்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் இளகிய புரையை உறிஞ்சியெடுத்தார். வில்லையே மங்குகிறது என்பது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி, மங்கிய வில்லையை எடுத்த கண்ணில் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கண்டு அவருக்கு இந்த யோசனை பிறந்தது.

ஒட்டிப்போன புரதத்தைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆகவே தேனோ, இலைச்சாறோ கண்ணில் விட வேண்டாம். "நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பதும் பழங்காலத்து வழக்கம். இன்று அப்படிக் காக்கத் தேவையில்லை. மிக முற்றிய புரை சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, மீளாத பார்வை இழப்பில் கொண்டுபோய் விடும். பார்வை மங்குவதெல்லாம் புரையுமல்ல. கண் அழுத்த நோயும் இனிப்பு நீரால் வரும் திரைக்கேடும் இருக்கலாம். ஆதலால் பரிசோதனை அவசியம்.

ஆபரேஷனில் உறையின் பின்பக்கத்தை விட்டுவைப்பார்கள். மிஞ்சிய அணுக்கள் சில அங்கே பரவினால் மாதங்களோ வருடங்களோ கழித்து மீண்டும் மங்கல் தோன்றலாம். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடலாம்.

"குனிய முடியாதே, தொழுகை என்னாவது?" என்று தயங்கும் பெரியவர்கள் உண்டு. மருத்துவர் தடுக்கும் அந்தச் சில நாட்களில் ஸஜ்தாவைச் சைகையால் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது. உளூவின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கடையின் இருப்பை வருடந்தோறும் எடுக்கிறோம். கண்ணின் இருப்பையும் வருடம் ஒருமுறை எடுத்தால் என்ன?