மனுவின் இரண்டு பக்கமும்

மணவாள நகர்

அன்புள்ள முகிலனுக்கு,

எம்.எல்.ஏ. ஆக எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். எஸ்.சி., எஸ்.டி. அல்லாத வேட்பாளருக்கு டெபாசிட் 10,000 ரூபாய். வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மற்ற செலவுக் கணக்கை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நன்மாறனைப் பற்றிச் சொல்கிறேன்.

மதுரைக்காரர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 2001, 2006 இரண்டு தேர்தலிலும் மதுரை கிழக்குத் தொகுதியில் ஜெயித்தவர். கூட்டத்தில் அவர் பேசினால் சிரிப்பு அடங்காது. 'மேடைக் கலைவாணர்' என்றே பெயர். அந்தக் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளம் கட்சிக்குப் போய்விடும். கட்சி கொடுக்கும் அலவன்ஸில்தான் குடித்தனம். பத்து வருஷம் சட்டமன்றத்தில் இருந்த மனிதர் வாடகை வீட்டில் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில், குடிசை மாற்று வாரிய வீடு ஒன்று கேட்டு மதுரை கலெக்டரிடம் மனு கொடுத்தார். 2021 அக்டோபர் 28 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காலமானார்.

ஏழ்மையைக் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. சொந்த வீடு இருப்பது குற்றமில்லை. ஆயிரக்கணக்கில் மனு வாங்கிய அதே கை, மனுவை நீட்டவும் கூசவில்லை பார், அதுதான் என்னை உலுக்கியது.

எம்.எல்.ஏ.வின் வேலையில் பாதி மனுதான். நம் தெருவிளக்கு உள்ளாட்சியைச் சேர்ந்தது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். ரயில்வே சமாச்சாரமோ டெல்லி வரை போக வேண்டியது. ஜனங்களுக்கு இந்தப் பிரிவெல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் எம்.எல்.ஏ.விடம்தான் கொண்டுபோவார்கள். எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்தான் உதவ முடியும். தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி; ஒரு தொகுதியின் தேவைக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்குத்தான் சட்டமன்றத்தில் கேள்வி நேரம். அங்கே 234 பேரில் ஒருவராக எழுந்து, கிடைக்கும் சில நிமிஷத்தில் மந்திரி பதில் சொல்லியே ஆகவேண்டிய விதமாகக் கேட்கத் தெரிய வேண்டும். சட்டமுன்வடிவைப் படிக்காமல் கை தூக்குகிறவரால் ஊருக்கு என்ன லாபம்?

மனு வேலையை நீ இப்போதே பழகலாம். திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். நம் தெருப் பாட்டி ஒருத்திக்கு முதியோர் பென்ஷன் மனு எழுத வேண்டும். உன் கையெழுத்து நன்றாக இருக்கும். காலையிலேயே வந்துவிடு, பாட்டியின் ஆதார் நகலை நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா