மிதக்கும் முட்டையும் விதை நெல்லும்

நல்ல நீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது அடியில் தங்கும். அந்நீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வந்தால், ஒரு நிலையில் அதே முட்டை எழும்பி மிதக்கும். முட்டையின் எடை மாறவில்லை, நீரே கனத்தது. இச்சிறு விந்தை, காவிரிப் பாசன நாட்டு விவசாயிக்கு விதை நெல்லைத் தரம் பிரிக்கும் தராசாக உதவுவதைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு நீரின் எடையைவிட அது கனமானால் ஆழும், இலேசானால் மிதக்கும். 1 லிட்டர் நல்ல நீர் ஏறக்குறைய 1 கிலோ எடையுள்ளது. 10 லிட்டர் நீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால் மொத்த எடை பதினொன்றரை கிலோவாகும். அளவோ ஏறக்குறையப் பத்தரை லிட்டர்தான். ஆகவே அவ்வுப்புநீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1,095 கிராம் கனக்கும். முட்டையின் கனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இனி நெல்லைக் கவனிப்போம். ஒரே கதிரிலும் நுனிமணிகள் முந்தி முற்றும்; அடிமணிகள் பிந்தும். பிந்தியவற்றுள் சில அரைகுறையாகவே நின்றுவிடும். தூற்றும்போது பதர் காற்றோடு போகும். அரைமணியோ நல்ல மணியோடு கலந்து விழும். நல்ல நீரிலும் அவற்றுட் பல ஆழ்ந்துவிடும். உப்புநீரில் மட்டும், உமிக்குள் வெற்றிடமுள்ள அம்மணிகள் மேலே வந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானில் யோகோய் என்னும் விவசாய சாஸ்திரி 1882-ல் இம்முறையை வகுத்தார்.

அரைமணியை விலக்குவது ஏன்? முளை வேரூன்றி, பச்சிலை விட்டுத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வரையில், மணிக்குள்ளிருக்கும் மாவே அதற்குக் கட்டுச்சோறு. அது குறைந்தால் நாற்று மெலியும். நாற்று தேறாவிடில் நடவு பிந்தும். குறுவை நடவு பிந்தினால் அறுவடை ஐப்பசி அடைமழையில் அகப்படும்.

செய்முறை எளிது. விதையை ஊறப்போடுமுன், மருந்து எதுவும் கலவாத உலர்ந்த நெல்லையே எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டையின் தலை காசளவு வெளியே தெரியும் வரையில் உப்பைக் கரைக்க வேண்டும். முட்டை புதிதாயிருத்தல் அவசியம். நாட்பட்ட முட்டைக்குள் காற்று மிகுந்து, உப்புப் போதாத நீரிலும் அது மிதந்து ஏமாற்றும். நெல்லைச் சிறிது சிறிதாக இட்டுக் கையால் கலக்கினால், மணிகளை ஒட்டிய காற்றுக்குமிழிகள் நீங்கும். மிதப்பவற்றை உடனே அரித்தெடுத்துவிட்டு, ஆழ்ந்தவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புக் கெடும். மீந்த உப்புநீரை நாற்றங்காலிலோ வயலிலோ கொட்டலாகாது.

இத்தராசு நிறைவை மட்டுமே காட்டும், உயிரைக் காட்டாது. பழைய விதை நிறைந்திருந்தும் முளையாது போகலாம். கலப்பு நெல்லையும் இது பிரித்தறியாது. ஆகையால், ஆழ்ந்த மணிகளில் 100-ஐ எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து முளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 80-க்குக் குறைந்தால் அவ்விதையை நம்பி நாற்றங்கால் விடுவது தகாது.

ஒரு தொட்டி, சிறிது உப்பு, ஒரு முட்டை: இவ்வளவே செலவு. ஒருவர் கரைத்த உப்புநீரை அடுத்தவரும் உபயோகிக்கலாம். முட்டை தாழ்ந்தால் மட்டும் மேலும் உப்பிடுக. விதைப்புக்கு முன் ஒரு நாளைக் குறித்து, சங்கக் கிடங்கு வாசலில் அங்கத்தினர் யாவரும் தத்தம் விதையைக் கொணர்ந்து இவ்வேலையைச் சேர்ந்து செய்வாராயின், ஊர் நாற்றங்கால் முழுவதும் ஒரு சீராய் எழும்.