கம்ப்யூட்டருக்குப் போனை அடையாளம் காட்டுவது எப்படி?



செல்போனில் ஓடும் ஆப்பை நாமே செய்யலாம், தெரியுமா? கம்ப்யூட்டரில் எழுதி, ஒயர் வழியாப் போனில் ஏற்றிப் பார்க்கணும். ஆனா சும்மா செருகினா கம்ப்யூட்டர் போனைக் கண்டுக்காது.

எங்க சித்தி மகள் அக்கா, தறிக் கூலிக் கணக்குக்கு ஒரு ஆப் செய்றாங்க. எத்தனை சேலை அறுத்துக் கொடுத்தோம், முன்பணம் எவ்வளவு வாங்கினோம், எல்லாம் அதில் வரும். பிள்ளையார்பாளையத்தில் இந்தக் கணக்கு நோட்டு இல்லாத தறி வீடு ஏது?

அக்காவிடம் இருப்பது தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த லேப்டாப். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கு. பாஸ்னா முதலாளி இல்லீங்க! பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனம் செய்தது.

முதலில் ஒயரைப் பாருங்க. யு.எஸ்.பி. 2.0 ஒயருக்குள் 4 கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சில ஒயரில் மின்சாரக் கம்பி மட்டும்தான். சார்ஜ் ஏறும், வேலை நடக்காது.

அடுத்து போன். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 தடவை தட்டணும். (விளையாட்டு இல்லை, நிஜம்!) டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் பண்ணணும்.

ஒவ்வொரு கம்பெனிப் போனுக்கும் ஒரு எண் உண்டு. சாம்சங்குக்கு 04ஈ8, கூகுளுக்கு 18டி1. பதினறும எண் என்பதால் நடுவில் ஆங்கில எழுத்து வருது. ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை கட்டுற மாதிரி, "இந்த எண் வந்தா உள்ளே விடு" என்று லினக்ஸுக்கு ஒரு விதி எழுதி வைக்கணும். அதுக்குப் பேர் யுடெவ் விதி. விண்டோஸில் இதுக்குப் பதிலா டிரைவர் போடணும்.

இப்போ ஒயரைக் கழற்றித் திரும்பச் செருகி, 'ஏடிபி டிவைசஸ்' என்று கட்டளை கொடுங்க. ஒண்ணுமே வரலைன்னா ஒயரையும் டீபக்கிங்கையும் பாருங்க. 'நோ பெர்மிஷன்ஸ்' வந்தா விதி சரியில்லை. 'அன்ஆதரைஸ்டு' வந்தா போன் இன்னும் சம்மதிக்கலை, அதன் திரையில் "அனுமதிக்கவா?" என்று கேட்டிருக்கும், சரி கொடுக்கணும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதல் இந்தக் கேள்வி உண்டு. 'டிவைஸ்' என்று வந்தா ஜெயிச்சாச்சு!

இந்தக் கேள்விதான் ரொம்ப முக்கியம். எங்க வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடது. முதலாளி கூப்பிடுறதும் பேங்க் மெசேஜ் வர்றதும் அதில்தான். சம்மதம் கொடுத்த கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காமலே போனில் ஆப் போடலாம், போட்டோவை எடுக்கலாம். அதனால ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகும்போது இந்தக் கேள்வி வந்தா 'வேண்டாம்' கொடுங்க. அக்கா வேலை முடிஞ்சதும் டீபக்கிங்கை ஆஃப் பண்ணிட்டுத்தான் அப்பா கையில் போனைக் கொடுப்பாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி