ஸ்பானிய வினைகளும் தமிழின் நான்காம் வேற்றுமையும்: தொடக்கநிலைக் கற்றல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் வழி ஸ்பானியம் பயிலும் தமிழ் மாணவருக்குச் சில வினைத்தொடர்கள் தலைகீழாகத் தோன்றுகின்றன. அவை தமிழின் நான்காம் வேற்றுமைத் தொடர்களை ஒத்தவை. அவ்வொப்புமை எதுவரை துணைசெய்யும் என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பானியம், வினைமுற்று, எழுவாய், நான்காம் வேற்றுமை, இயைபு.

வினைமுற்று

ஸ்பானிய வினைகள் 'ஆர்', 'எர்', 'இர்' என்னும் ஈறுகளால் மூவகைப்படும். 'ஆப்லார்' (பேசுதல்) என்பது நிகழ்காலத்தில் 'ஆப்லோ' (பேசுகிறேன்), 'ஆப்லாஸ்' (பேசுகிறாய்), 'ஆப்லாமோஸ்' (பேசுகிறோம்) எனத் திரியும். விகுதியே இடமும் எண்ணும் உணர்த்துவதால் எழுவாய் தோன்றாது நிற்கலாம். தோன்றா எழுவாய்க்குப் பழகிய தமிழருக்கு இது புதிதன்று. எனினும், 'ஆப்லா' என்பது பேசுகிறான், பேசுகிறாள் ஆகிய இரண்டற்கும் பொது. விகுதி பால் காட்டுவதில்லை.

விருப்ப வினை

'மே குஸ்தா எல் லிப்ரோ' என்பதன் பொருள் 'எனக்கு அந்நூல் பிடிக்கும்' என்பதாகும். 'மே' என்பது 'எனக்கு' என்னும் பொருளது. ஆங்கிலம் 'நான்' என எழுவாயாக்குவதனை ஸ்பானியமும் தமிழும் நான்காம் வேற்றுமைப் பொருளில் வைக்கின்றன.

வேறுபாடு வினையின் இயைபில் உள்ளது. ஸ்பானியத்தில் விரும்பப்படுவதே எழுவாய். நூல் பன்மையாயின் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' என வினையும் பன்மையாகும். தமிழில் நூல், நூல்கள் இரண்டிற்கும் 'பிடிக்கும்' என்பதே அமையும். 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்பதில் 'உன்னை' இரண்டாம் வேற்றுமை, 'பிடிக்கும்' மாறுவதில்லை. ஸ்பானியமோ 'மே குஸ்தாஸ்' என முன்னிலை விகுதி பெறும். எனவே, தமிழ்வழக்கை அவ்வாறே பின்பற்றும் மாணவர் பன்மையிலும் 'குஸ்தா' என்றே கூறிப் பிழைபட வாய்ப்புண்டு.

ஒப்புமையின் எல்லை

'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதற்கு 'மே துவேலே லா கபேஸா' என்பது நேராகப் பொருந்தும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கோ 'தெங்கோ ஆம்ப்ரே' என்பர்; இதன் நேர்பொருள் 'பசியை உடையேன்' என்பது. இங்கு வினை தன்மை விகுதி பெறுகிறது. ஆகவே, 'எனக்கு' என வரும் தமிழ்த் தொடர்கள் அனைத்தும் 'மே' என அமையா.

முடிவுரை

தொடக்கநிலைப் பாடத்தில் 'எனக்குப் பிடிக்கும்' என்னும் தொடரை முதலில் நிறுத்தி, வினை எதனோடு இயைகிறது என்னும் வினாவை உடன் எழுப்புதல் தக்கது. வேற்றுமை பற்றிய தமிழறிவு தொடரமைப்பை எளிதாக்கும்; இயைபினையும் பசி போன்றவற்றிற்குரிய வினையினையும் தனியே பயிற்றுவித்தல் வேண்டும்.