உப்புக்காற்றில் கில்மோரின் தொனி: வீட்டுக் கிற்றாருக்குப் பயனுள்ள குறிப்புகள்

பிங்க் ஃபுளோய்ட் குழு 1979 இல் வெளியிட்ட ‘த வோல்’ இசைத்தட்டில் ‘கம்ஃபர்டப்லி நம்’ என்றொரு பாட்டு. அதன் கடைசியில் டேவிட் கில்மோர் வாசிக்கும் கிற்றாரை ஒருமுறை காதுகொடுத்துக் கேட்டவர் மறக்கமாட்டார். சுரம் அறுபடாமல் நீளும். நீளும்போதே மனிதக் குரல்போல வளையும். நிலாவெளியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்து வீட்டில் அந்தத் தொனியைத் தேடிக் கற்றவை இவை. உப்புவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் கிற்றார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

1. எல்லாவற்றுக்கும் முதல் கம்பி. எங்களுக்குக் கடல் ஒரு பக்கம், உப்பளம் இன்னொரு பக்கம், காற்றே உப்பு. புதுக்கம்பி பூட்டி மாதம் முடியமுன் மூன்றாம் கம்பியைத் தடவினால் விரல் நுனியில் செம்மண் நிறத்தில் கோடு விழும். துருப்பிடித்த கம்பியில் ஒலி மங்கும், சுருதி நிற்காது, வளைக்கும்போது விரல் ஓடாது. வாசித்த கையோடு பழைய பருத்திச் சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து, அடிப்பக்கமும் படும்படி நீளத்துக்கும் துடையுங்கள். வாசிக்கமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி உலர்த்துவதும் பலன் தரும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். பிசுக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, கம்பியை ஊமையாக்கிவிடும்.

2. கில்மோர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட் கிற்றாரில் பூட்டும் கம்பித் தொகுதி 0.010 முதல் 0.048 அங்குலம் வரை. கடையில் 10–46 கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

3. ஃபெண்டர்தான் வேண்டும் என்றில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று உள்ள எந்த ஸ்ட்ராட் வடிவக் கிற்றாரும் சரி. பிங்க் ஃபுளோய்டின் ‘ஷைன் ஒன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டின் தொடக்கம்போல உருண்ட ஒலிக்குக் கழுத்துப் பக்கப் பிக்கப். ‘கம்ஃபர்டப்லி நம்’ முடிவின் கூர்மைக்குப் பிரிட்ஜ் பக்கம். கில்மோர் 1970 இல் நியூயோர்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட், 2019 இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. ஆனால் ‘அனதர் பிரிக் இன் த வோல்’ தனிவாசிப்பை அவர் வாசித்தது லெஸ் போல் கிற்றாரில். கேட்ட மாத்திரத்தில் அதுவும் அவர்தான் என்று தெரிகிறதே!

4. ஒற்றைச் சுருள் பிக்கப் கரண்ட் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ‘ம்ம்’ என்று கேட்பது அதுதான். ரியூப்லைற்றை அணையுங்கள், ஃபேன் ரெகுலேற்றரை விட்டுத் தள்ளி உட்காருங்கள். பிறகு கதிரையோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் பாதியாகும். அங்கேயே இருந்து வாசியுங்கள். இரைச்சல் போகவென்று பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் கழற்றக்கூடாது. கம்பியைத் தொடுகிற கை அது; உயிரோடு விளையாட்டு வேண்டாம்.

5. பலர் பிழைவிடுவது அம்பில். கில்மோரின் 100 வோட் ஹைவோட் அம்ப் எவ்வளவு கூட்டினாலும் தெளிவு குலையாதது. கரகரப்பு முழுவதும் பெடலில் இருந்து வந்தது. எனவே வீட்டுச் சின்ன அம்பில் கெயினை நன்றாகக் குறைத்து, சுத்தமான ஒலியை முதலில் எடுங்கள். மிட் திருகைப் பாதிக்கு மேல் வையுங்கள். அடுத்து வரும் பெடல் நடுத்தர ஒலியைத்தான் விழுங்கும்.

6. அந்தப் பெடல் பிக் மஃப். சஸ்டெயின் முக்கால் அளவு, டோன் பாதிக்குச் சற்றுக் கீழே. இணைக்கும் வரிசை: கிற்றார், கொம்பிரசர், மஃப், ஃபிளாஞ்சர், டிலே, அம்ப். ‘த வோல்’ காலத்தில் அவர் யமஹாவின் சுழலும் ஒலிபெருக்கியையும் சேர்த்துக்கொண்டார். நமக்கு ஃபிளாஞ்சரோ கோரஸோ மிக மெதுவாகச் சுற்றினால் அந்த அசைவு ஓரளவு வந்துவிடும்.

7. டிலே இல்லாமல் இந்தத் தொனி இல்லை. 60,000 ஐப் பாட்டின் நிமிடத் தாள எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செக்கன் என்று வரும். 100 தட்டென்றால் 600; அதில் முக்கால் 450, மூன்றில் இரண்டு 400. இவற்றில் ஒன்று பாட்டோடு ஒட்டும். 70களின் தொடக்கத்தில் அவர் வைத்திருந்தது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலியக் கருவி. நாடாவுக்குப் பதில் சுழலும் காந்த உருளை அதில் ஒலியைப் பதியும். அதன் எதிரொலி மங்கலாக, இதமாக இருக்கும். உங்கள் டிலேயிலும் எதிரொலியின் கூர்மையைக் குறையுங்கள். எதிரொலியின் அளவு, வாசிப்பு நின்றால் தெரியவேண்டும், வாசிக்கும்போது தெரியக்கூடாது.

8. அம்ப் இல்லாதவர் போன் செயலியில் வாசிக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியின் சாயலைக் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் மஃப் தேனீக்கூடு கலைந்ததுபோல இரையும்.

9. 2022 மின்வெட்டுக் காலத்தில் கைகொடுத்தது 9 வோல்ட் பற்றரிதான். வாசித்து முடிந்ததும் பெடலின் உள்வாங்கும் ஜக்கில் இருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். வயர் செருகியிருக்கும்வரை பற்றரி தீர்ந்துகொண்டே இருக்கும். அடாப்டர் என்றால் நேர், எதிர் முனைகளைப் பார்த்தே செருகுங்கள். பார்க்காமல் செருகி ஒரு பெடலைக் கருக்கியவன் நான்.

10. ஜக் கரகரத்தால் வயரின் பிளக்கில் பச்சை படிந்திருக்கும். அழிறப்பரால் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள்.

11. கச்சான் காற்று மரத்தை உலர்த்தும், வாடைக்காற்று ஈரமேற்றும். இரண்டு பருவமும் மாறும்போது கழுத்து சற்று அசையும். கம்பி ஃபிரெட்டில் உரசினாலோ உயர்ந்து நின்றாலோ கழுத்தின் உள்ளிருக்கும் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். கடற்பக்கச் சுவரில் கிற்றாரை மாட்டவேண்டாம். பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

12. பாங்கு சொல்லும்போதும் கோயில் பூசை நேரத்திலும் அம்பை நிறுத்திவையுங்கள். ஊர் நம் வாசிப்பை வரவேற்கும்.

13. இனி விரல். இதற்கு எந்தக் கடையிலும் பெடல் இல்லை. இரண்டாம் கம்பியில் 12ஆம் ஃபிரெட்டை மீட்டி அந்தச் சுரத்தைக் காதில் நிறுத்துங்கள். பிறகு 10ஆம் ஃபிரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் இரண்டு விரல் முட்டுக்கொடுக்க, அதே சுரத்தைத் தொடும்வரை கம்பியைத் தள்ளுங்கள். மயிரிழை குறைந்தாலும் கேட்பவருக்கு உறுத்தும். தொட்டதும் உடனே ஆட்டவேண்டாம். ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மணிக்கட்டால் மெதுவாக, அகலமாக அசையுங்கள். வலது உள்ளங்கை மற்றக் கம்பிகளை அமர்த்தியிருக்கட்டும். மஃப் போட்டால் சும்மா கிடக்கும் கம்பியும் கத்தும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வளைவு புதிதல்ல. கேரளத்தின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கர்நாடகக் கமகத்தை ரொக் கிற்றாரில் கொண்டுவந்தார். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தினமும் பெடல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த ஒரு வளைவை 20 தடவை வாசித்த பிறகே மஃபை மிதியுங்கள்.