எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது? சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும்

பத்தாம் வகுப்பு மாணவி

மனிதன் தன் கால் வலிமையைக் கொண்டே தொலைதூரம் செல்வதற்குச் செய்துகொண்ட கருவிகளுள் சைக்கிளுக்கு இணையானது வேறில்லை. அதற்கு எண்ணெய்ச் செலவு இல்லை, புகையும் இல்லை. சைக்கிள் ஓட்டுவதைக் கலையாகவும் விளையாட்டாகவும் கொண்டவர்கள் பலர் இரண்டு சைக்கிள்கள் வைத்திருப்பதுண்டு. ஒன்று சாலைச் சைக்கிள். மற்றொன்று மலைச் சைக்கிள். வாங்கியதை அப்படியே வைத்திருக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. டயரை மாற்றுவார்கள், பிரேக்கை மாற்றுவார்கள், கியரை மாற்றுவார்கள். ஆனால் ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று அறியாமல் மாற்றினால் பணம் வீணாவதோடு உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே எதை, எதற்காக, எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு தாய் மக்கள்

இவ்விரு சைக்கிள்களுக்கும் மூதாதை ஒன்றே. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டில் 'ரோவர்' என்னும் சைக்கிளைச் செய்தார். அதற்கு முன் முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் மிகச் சிறியதுமான சைக்கிள்களே பெருவழக்காக இருந்தன. அவற்றிலிருந்து தலைகுப்புற விழுவது சாதாரணம். ஸ்டார்லி சக்கரங்களை ஏறத்தாழ ஒரே அளவாக்கி, செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுழலச் செய்தார். 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோதே இன்றைய சைக்கிள் பிறந்துவிட்டது. அதன் பின்னர் நிகழ்ந்தவை எல்லாம் பெரும்பாலும் பாகங்களின் மாற்றங்களே.

சாலைச் சைக்கிள்

சமதளமான தார்ச்சாலையில் வேகமாகச் செல்பவருக்கு முதற்பகை காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். ஆகவே சாலைச் சைக்கிளின் ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஓட்டுபவர் குனிந்து, காற்றுக்குத் தம் உடலைக் குறைவாகக் காட்டுவதற்கே இந்த அமைப்பு. டயர்கள் 25 முதல் 32 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளவை, ஒல்லியானவை, மேற்பரப்பு ஏறத்தாழ வழவழப்பாக இருக்கும்.

மலைச் சைக்கிள்

மலைச் சைக்கிள் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மாரின் கவுண்டி என்னும் மலைப்பகுதி உள்ளது. 1970-களில் அங்கிருந்த சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட பருமனான டயர்களைக் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து மண்பாதைகளில் ஓட்டினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் பேர்பாக்ஸ் ஊரின் அருகே ஒரு போட்டி தொடங்கியது. சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் செங்குத்தான பாதை அது. அந்தப் பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகிவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த முறை இறங்க முடியும். மறுபடி அடைத்தல் என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயரே அந்தப் பாதைக்கு நிலைத்துவிட்டது.

இந்தத் தொல்லைதான் அவர்களைச் சிந்திக்க வைத்தது. நல்ல டிரம் பிரேக்குகளையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும், நெடும்பயணச் சைக்கிள்களின் கியர்களையும் கொணர்ந்து பொருத்தினர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய பிரேம் செய்தார். 1979-இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த பிரேம்களைக் கொண்டு இத்தகைய சைக்கிள்களை விற்கத் தொடங்கினர். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. பழைய இரும்பு என்று ஒதுக்கப்பட்டது இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் களத்தை அடைந்தது. அலங்காரத்துக்காக அன்றி, குறை கண்டு பாகத்தை மாற்றியதன் பயனே இது.

முதலாவது, பிரேக்

ரீபேக் தரும் முதற்பாடம் இதுவே: ஓடும் வண்டிக்கு முதலில் வேண்டியது நிற்கும் ஆற்றல். ரப்பர்க் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் எளியது, எடை குறைந்தது. ஆனால் மழையில் ரிம் நனைந்தால் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிரேக்கில் ஹப்பின் அருகே தனியாக ஓர் உலோகத் தகடு உள்ளது. அது தரையிலுள்ள நீருக்கும் சேற்றுக்கும் எட்டத்தில் இருப்பதால் ஈரத்திலும் நன்கு பிடிக்கும். சிறந்த டிஸ்க் பிரேக்குகள் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகின்றன. வகுப்பில் நாம் படிக்கும் பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. பிடியில் சிறு பிஸ்டன். சக்கரத்தில் பெரிய பிஸ்டன். ஆகவே இரண்டு விரல்களின் விசை பன்மடங்காகி வண்டியை நிறுத்துகிறது.

டிஸ்க் பிரேக்கை எல்லாச் சைக்கிளிலும் மாட்டிவிட முடியாது. பிரேமிலும் முன் போர்க்கிலும் அதற்கான இடம் இருக்க வேண்டும். ஹப்பும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். இல்லாதவர்கள் தேய்ந்த கட்டைகளையும் துருப்பிடித்த கேபிளையும் மாற்றினாலே பெரும் நன்மை உண்டு. அதற்குச் செலவும் சொற்பமே.

இரண்டாவது, டயர்

சைக்கிள் பூமியைத் தொடுவது இரண்டு சிறு இடங்களில் மட்டுமே. ஆகவே டயரை மாற்றினால் தெரியும் வேறுபாடு வேறெதிலும் அவ்வளவு விரைவில் தெரியாது. மலைச் சைக்கிளின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகலமுள்ளது. காற்றைக் குறைத்து ஓட்டினால் கல்லுக்கும் வேருக்கும் ஏற்ப வளைந்து தரையைப் பற்றிக்கொள்ளும். அதிலுள்ள ரப்பர் முடிச்சுகள் மண்ணைக் கவ்வும். அதே டயரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் முடிச்சுகள் நசுங்கி நசுங்கி நம் உழைப்பை விழுங்கிவிடும். மலைச் சைக்கிள் வைத்திருந்தும் சாலையிலேயே ஓட்டுபவர் வழவழப்பான டயருக்கு மாறினால் போதும்; புதிய சைக்கிளே வாங்கியது போல் இருக்கும்.

மூன்றாவது, செயினும் கியரும்

கியர் என்பது எளிய வகுத்தல் கணக்கே. முன் செயின் வீலின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் வண்டி நகரும் தூரம் வரும்.

சாலைச் சைக்கிள் ஒன்றில் முன்னே 50 பற்கள், பின்னே 11 பற்கள் எனக் கொள்வோம். 50 ÷ 11 = 4.55. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனில், ஒரு மிதியில் வண்டி சுமார் 9.5 மீட்டர் செல்லும். இது இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் உரியது. மலைச் சைக்கிள் ஒன்றில் முன்னே 32, பின்னே 50 எனக் கொள்வோம். 32 ÷ 50 = 0.64. சுற்றளவு 2.3 மீட்டர் எனில், ஒரு மிதியில் ஏறத்தாழ 1.5 மீட்டரே நகரும். தூரத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறுகிறோம். அதனால்தான் செங்குத்தான மேட்டிலும் இறங்கித் தள்ளாமல் ஏற முடிகிறது.

இன்று விரல் நுனியால் கியரை மாற்றுகிறோம். முற்காலத்தில் பந்தய வீரர்கள் இறங்கி நின்று, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியிருந்தது. இத்தாலியில் துல்லியோ கம்பஞோலோ என்ற வீரர் 1920-களில் பனி படர்ந்த மலைக்கணவாய் ஒன்றில், விரல்கள் மரத்துப்போனதால் சக்கரத்தின் திருகைக் கழற்ற இயலாமல் தவித்தார் என்றும், அதிலிருந்தே நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் விடுபடும் அமைப்பை எண்ணினார் என்றும் கூறுவர். அவர் 1933-இல் விசென்சா நகரில் தம் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். பிரான்சைச் சுற்றி வரும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் கியர் மாற்றிகள் 1937-இல் அனுமதிக்கப்பட்டன. 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு 'கிளிக்'குக்கு ஒரு கியர் என்று துல்லியமாக மாறும் அமைப்பைத் தன் உயர்தரச் சாலைக் கியரில் கொணர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கியரின் பாகங்கள் ஒரு குடும்பத்தைப் போன்றவை. கைப்பிடியிலுள்ள கருவி ஒவ்வொரு கிளிக்குக்கும் கேபிளைக் குறிப்பிட்ட அளவே இழுக்கும். அந்த அளவுக்கேற்ற கியர் மாற்றியும் பல்சக்கரத் தொகுதியும் செயினும் இருந்தால்தான் ஒத்துப்போகும். விலையுயர்ந்த ஒன்றை மட்டும் வாங்கி மற்றவற்றோடு சேர்த்தால் செயின் நடுவில் நின்று தடுமாறும்.

செயின் தேய்ந்துள்ளதா என்று அறிய ஓர் அடிக்கோலே போதும். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்து, அவற்றையும் மாற்ற நேரும். சிறு செலவைத் தள்ளிப்போட்டால் பெருஞ்செலவு வந்து நிற்கும்.

கடைசியாக, எடை

பலரும் முதலில் விரும்புவது எடைக் குறைப்பையே. கார்பன் இழையாலான சீட் தண்டு, ஹேண்டில்பார், சக்கரம் என்று பணத்தைக் கொட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோகிராம். ஏற வேண்டிய உயரம் 300 மீட்டர். செய்ய வேண்டிய வேலை 60 × 9.8 × 300 = 1,76,400 ஜூல். ஒரு கிலோ குறைத்தால் 1,73,460 ஜூல். மிச்சம் அறுபதில் ஒரு பங்கே. ஒரு மணி நேரம் ஏறும் மலையில் ஒரு நிமிடம் மிச்சமாகலாம். பந்தய வீரருக்கு அந்த ஒரு நிமிடம் பொன்னானது. மற்றவர்க்கு அது ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கும் நேரம். சாலைப் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் விதித்த வரம்பும் ஈண்டு எண்ணத்தக்கது.

சைக்கிளின் உண்மையான மதிப்பு

இத்தாலிய வீரர் ஜீனோ பார்தலி ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1938-இலும், பத்து ஆண்டுகள் கழித்து 1948-இலும் வென்றவர். இடைப்பட்ட ஆண்டுகள் போரினால் கழிந்தன. 1943-இல் ஜெர்மானியர் இத்தாலியைக் கைப்பற்றியபோது, யூத மக்களுக்கு மறைவாக உதவும் பணியைப் புளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா ஆதரித்து நடத்தினார். பார்தலி பயிற்சிக்குச் செல்பவர் போல் சைக்கிளில் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே சென்றுவந்து, அம்மக்களைக் காக்கும் அடையாளத் தாள்களைப் பிரேமின் குழாய்க்குள் சுருட்டி மறைத்துக் கொண்டுசேர்த்தார். இதற்காக எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நிறுவனம் கர்தினாலை 2012-இலும் பார்தலியை 2013-இலும் நீதிமான்களாகப் போற்றியது. இத்தாலியின் கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசல்லோ மாதா சிற்றாலயத்தில் பார்தலியின் சைக்கிள் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1949-இல் அறிவித்தார்.

பிரேமின் குழாய் உள்ளீடற்றதாகச் செய்யப்பட்டது எடை குறைவதற்கே. பார்தலியோ அந்த வெற்றிடத்தில் மனித உயிர்களைச் சுமந்தார். ஆகவே தோழியரே, பாகத்தை மாற்றுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இதனால் பாதுகாப்புக் கூடுமா? நான் செல்லும் பாதைக்கு இது பொருந்துமா? மற்றப் பாகங்களோடு இது ஒத்துப்போகுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மாற்றுவோம். இல்லையேல் இருப்பதைத் துடைத்து, எண்ணெயிட்டு, நல்ல காரியத்துக்கு ஓட்டிச் செல்வோம்.