உலோகத்தில் ஒடுங்கும் ஒளி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தங்கம், வெள்ளி ஆகிய உலோகங்களின் நுண்கட்டமைப்புகளைக் கொண்டு, ஒளியை அதன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடத்தில் குவிக்கும் துறை பிளாஸ்மானியல் எனப்படுகிறது. அதைப் பற்றிப் பரவலாக நிலவும் சில நம்பிக்கைகள் அதன் வலிமையை மிகைப்படுத்துகின்றன. வேறு சில அதைக் குறைத்து மதிப்பிடுகின்றன.

நம்பிக்கை: ரோமானியக் கைவினைஞர்கள் நானோ அறிவியலை அறிந்திருந்தனர்.

உண்மை: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லைகர்கஸ் கிண்ணம், வெளியே விழும் ஒளியில் பச்சையாகவும், உள்ளிருந்து ஊடுருவும் ஒளியில் சிவப்பாகவும் தோன்றுவதற்கு, கண்ணாடியில் கலந்துள்ள தங்க, வெள்ளி நுண்துகள்களே காரணம். அதைச் செய்தவர்களிடம் இருந்தது தொழில் தேர்ச்சி. துகளின் அளவே நிறத்தைத் தீர்மானிக்கிறது என்ற அறிவு, 1857இல் மைக்கேல் ஃபாரடே சிவப்பு நிறத் தங்கக் கரைசல்களை ஆராய்ந்த பின்னரே உருவாகத் தொடங்கியது. 1908இல் குஸ்டாவ் மீ அதற்குக் கணித வடிவம் தந்தார். ஒளி படும்போது துகளில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலைவுறுகின்றன; பிளாஸ்மான் எனப்படும் இவ்வலைவு ஒளியின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது அந்நிற ஒளி வலுவாக உட்கவரப்படுகிறது. நீரில் மிதக்கும் சுமார் 20 நானோமீட்டர் தங்கக் கோளங்கள் 520 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியை உட்கவர்வதால்தான் சிவப்பாகத் தெரிகின்றன.

நம்பிக்கை: இத்துறை இயற்பியலின் ஒரு விதியையே முறியடித்துவிட்டது.

உண்மை: ஒளியை ஏறத்தாழ அரை அலைநீளத்தைவிடச் சிறிய புள்ளியில் குவிக்க இயலாது என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்த வரம்பு, வில்லை வழியே வெளியில் பரவிச் செல்லும் அலைகளுக்கு உரியது; அது இன்றும் செல்லும். உலோகப் பரப்பை ஒட்டி நிற்கும் அண்மைப் புலமோ பரவிச் செல்வதில்லை. அதன் ஆற்றலின் ஒரு பகுதி எலக்ட்ரான்களின் இயக்கமாகத் தங்கியிருப்பதால், இரண்டு துகள்களுக்கு இடையிலுள்ள சில நானோமீட்டர் இடைவெளியிலும் அது ஒடுங்கி நிற்கிறது.

நம்பிக்கை: ஒளி பன்மடங்கு பெருகுவதால் புதிய ஆற்றல் உண்டாகிறது.

உண்மை: பரந்த பரப்பில் விழும் ஆற்றல் ஓரிடத்தில் திரள்கிறதே தவிர, கூடுவதில்லை. இத்திரட்சியின் விளைவை, மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் இராமன் சிதறலில் காணலாம். இயல்பில் அச்சிதறல் மிக மெலிந்தது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றே அவ்வாறு சிதறும். 1974இல் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மனும் உடன் ஆய்வாளர்களும், சொரசொரப்பாக்கப்பட்ட வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளிடமிருந்து வலுவான குறிகையைப் பெற்று, பரப்பளவு கூடியதே காரணம் எனக் கருதினர். பரப்பளவால் மட்டும் விளக்க முடியாதபடி, அப்பெருக்கம் இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது என்பதை 1977இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. குறிகை புலவலிமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக உயர்வதால், புலம் 10 மடங்கானால் குறிகை 10,000 மடங்காகிறது.

நம்பிக்கை: உலோகத்தில் ஏற்படும் இழப்பு, திறமையான வடிவமைப்பால் நீங்கிவிடும் வெறும் குறை.

உண்மை: ஒளியை ஒடுக்கும் அதே எலக்ட்ரான் இயக்கமே, மோதல்களால் சில பத்து ஃபெம்டோ நொடிகளுக்குள் வெப்பமாகவும் மாறுகிறது; ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடி பங்குகளாக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே ஃபெம்டோ நொடி. எனவே கட்புலனாகும் ஒளியை இவ்வழியில் பெரும்பாலும் சில பத்து மைக்ரோமீட்டர் தொலைவே கடத்த முடிகிறது. கணினிச் சில்லுகளின் கம்பிகளுக்கெல்லாம் இது மாற்றாகும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததற்கு இது முதன்மையான காரணம். ஆயினும், வெப்பத்தின் துணையால் பதிவு செய்யும் வன்தட்டுகளில், தங்கம் போன்ற உலோகத்தாலான நுண்முனை, சில பத்து நானோமீட்டர் அகலப் புள்ளியைப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கித் தரவைப் பதிய வைக்கிறது. ஒடுக்கமும் இழப்பும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதால், குறுகிய தொலைவும் செறிந்த ஆற்றலும் தேவைப்படும் பணிகளிலேயே இத்துறையின் பயன் உறுதியாக நிலைபெறுகிறது.